ஜீப்பைத் தள்ளும் மண்

சேற்றில் சிக்கிய ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் உறுமும். பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழலும். புகை கிளம்பும், டீசல் தீரும்; வண்டி மட்டும் ஓர் அங்குலம் நகராது. எஞ்சினில் கோளாறில்லை, கியரில் கோளாறில்லை, அச்சு முறியவில்லை. ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். கடைசியில் வழியே போன நான்கு பேர் வந்து தோள் கொடுத்ததும் வண்டி மேட்டுக்கு ஏறிவிடும். 60 குதிரைத்திறன் எஞ்சினால் முடியாததை நான்கு ஆட்களின் தோள் எப்படிச் செய்தது?

விடை எஞ்சினுக்குள் இல்லை, தரையில் இருக்கிறது. எந்த வண்டியும் தன்னைத் தானே தள்ளிக்கொள்வதில்லை. சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் அதே அளவு விசையோடு சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஆகவே மண் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வண்டியின் இழுவை. அதற்கு மேல் எஞ்சின் தருவதெல்லாம் மண்ணைக் கிழிக்கத்தான் போகும்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையார் கோயிலின் மகா ரதம் மாடவீதியில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சக்கரங்கள் உருளுகின்றனவே தவிர, தேரை அவை நகர்த்துவதில்லை. வடம் பிடித்த ஆயிரக்கணக்கானோரின் பாதங்கள் தரையை உதைக்கின்றன, தரை திருப்பி உதைக்கிறது, தேர் அசைகிறது. சேற்று ஜீப்பைத் தள்ள வந்த நால்வரும் செய்தது அதையேதான். குழைந்துபோன இடத்தை விட்டு, கெட்டியான இடமாகப் பார்த்துக் கால் ஊன்றினார்கள். எட்டுப் பாதங்களுக்குக் கிடைத்த பிடி, சுழன்றுகொண்டிருந்த ஒற்றைச் சக்கரத்துக்குக் கிடைக்கவில்லை.

நான்கு சக்கரங்களுக்கும் இழுவை தரும் வண்டியின் அறிவியல் முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றித்தான் நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளத் திருவண்ணாமலை வட்டாரம் மிக நல்ல இடம்.

மலை, ஏரி, அணை, ஒரு பழைய வண்டி

திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாக 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் போனால் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை. 1958-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. பூங்காவைச் சுற்றி, பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணையைக் காட்டிவிட்டு, அணை மீனை மசாலா தடவிச் சுடச்சுட வறுத்துத் தரும் கடையில் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது. வடக்கே போளூர்ப் பக்கமாக மலையேறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரி. திருவண்ணாமலை ஊரை ஒட்டியே, அண்ணாமலைக்குத் தெற்கே, சமுத்திரம் ஏரி. கெட்டித் தார்ச்சாலை, மலையடிவாரச் செம்மண், சரளை, ஏரிப்படுகைக் களிமண் என்று நாலு விதத் தரையும் ஒரே நாள் பயணத்துக்குள் வந்துவிடும்.

இந்தப் பாதைகளில் பழைய மகிந்திரா ஜீப்புகளை இன்னும் பார்க்கலாம். மலைக் கிராமங்களுக்கு ஆளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிப் பிழைப்புக்காக ஓடித் தேய்ந்தவை சில. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, பட்டறையில் மாதக்கணக்கில் நிறுத்தி, எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டி, கமான் பட்டைகளைப் புதிதாகப் போட்டு, அகலமான டயர் மாட்டி, வார இறுதிக்காகவே வைத்திருப்பவை சில. புதுக் காரில் உட்கார்ந்தால் தரை எங்கோ இருக்கும். இந்த ஜீப்பில் உட்கார்ந்தால் சக்கரத்துக்கடியில் வரும் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்து சேரும். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை பாடு.

இந்த வண்டிக்கு அவசரமான பிறப்பு. 1940-இல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கர இழுவை கொண்ட சிறிய வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வந்தாக வேண்டும் என்று கேட்டது. பான்டம் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் கார்ல் புராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கொண்டு வரைந்து, செய்து, செப்டம்பரில் ஓட்டியே கொண்டுபோய் ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. நம் நாட்டில் 1949-இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்த, பானட் உயர்ந்த சிஜே-3பி அமெரிக்காவில் 1968-இல் நின்றுவிட்டது. இந்தியாவில் அதன் வம்சம் பல பத்தாண்டுகள் தழைத்தது. பெட்ரோல் எஞ்சின் போய் 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின் வந்தது. எம்எம்540 பிறந்தது. ஆனால் அடியில் இருக்கும் எலும்புக்கூட்டின் தத்துவம் 1940-இல் இருந்ததேதான்.

இரண்டு சிறு லிவர்கள்

பழைய சிஜே-3பியில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு லிவர்கள் இருக்கும். ஒன்று, முன் அச்சையும் எஞ்சினோடு சேர்க்கும். மற்றது ஹை, லோ மாற்றும். இவை இரண்டும் போய்ச் சேரும் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. முன் அச்சைச் சேர்க்காமல் லோ போட முயன்றால் லிவர் அசையாது. உள்ளே ஒரு சிறு தடுப்பு முள் மறித்து நிற்கும். லோவில் பிறக்கும் முறுக்குவிசை அத்தனையும் பின் அச்சின் மேல் மட்டும் இறங்கினால் தண்டு தாங்காது என்பதால் அந்த ஏற்பாடு.

எவ்வளவு முறுக்கு? கணக்கு எளிது. முதல் கியரில் விகிதம் 2.798. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவில் 2.46. அச்சின் கிரவுன், பினியன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். உராய்வில் போவது போக, முறுக்கு 37 மடங்கு பெருகும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று மெதுவாக ஓடும்போது சக்கரம் 22 சுற்றுகூடச் சுற்றாது. 28 அங்குல விட்டமுள்ள டயருக்கு அது நிமிடத்துக்கு 48 மீட்டர், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடக்கிறவர்கள் பலரும் அதைவிட வேகமாகப் போவார்கள்.

மண்தான் எல்லை என்றால் 37 மடங்கு முறுக்கு எதற்கு? பாறைப் படியிலும் செங்குத்தான ஏற்றத்திலும் அது நேரடியாகவே வேண்டும். ஈர மண்ணிலோ லோ தரும் பெரிய வரம் வேறு: நிதானம். மண் ஓர் அளவு வரை தள்ளலைத் தாங்கும். அந்த அளவைத் தாண்டிச் சக்கரம் ஒருமுறை வழுக்கிவிட்டால், கிழிபட்ட மண்ணுக்கு முன்பிருந்த வலு இருக்காது. களிமண்ணைப் பிசையப் பிசைய அது குழைந்து வலுவிழப்பதைக் குயவர்கள் கைகளால் அறிவார்கள். சுழலும் சக்கரம் செய்வதும் பிசைவதுதான். எஞ்சின் திணறாமல், சக்கரம் வழுக்காமல், நடைவேகத்துக்கும் கீழே உருண்டு போகிற வண்டி மண்ணைக் கலைக்காமல் அதன் முழு வலுவையும் வாங்கிக்கொள்ளும். கைதேர்ந்த மலை ஓட்டுநர்கள் சேற்றில் ஆக்சிலேட்டரை மிதிப்பதைவிட மிதிக்காமல் இருப்பதில்தான் தங்கள் திறமையைக் காட்டுகிறார்கள்.

திரும்பும்போது நடக்கும் அதிசயம்

நான்கு சக்கரங்களையும் ஒரே தண்டில் கோத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. வண்டி திரும்பும்போது நான்கும் நான்கு வெவ்வேறு தூரம் போகின்றன.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர், இடத்துக்கும் வலத்துக்கும் இடையே 1.2 மீட்டர் உள்ள ஜீப் ஒன்று இறுக்கமாக ஒரு முழு வட்டம் அடிக்கட்டும். பின்பக்க உள்சக்கரம் 3.7 மீட்டர் ஆரத்தில் ஓடுகிறது என்று வைத்தால் அது கடப்பது 23 மீட்டர். பின்பக்க வெளிச்சக்கரம் ஏறத்தாழ 31 மீட்டர். முன்பக்க உள்சக்கரம் 26.5 மீட்டர். முன்பக்க வெளிச்சக்கரம் 33 மீட்டர். ஒரே வண்டியின் நான்கு கால்களுக்குள் 10 மீட்டர் வித்தியாசம்!

இடது, வலது வித்தியாசத்தைச் சமாளிக்க ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. 1827-இல் பிரான்சின் ஒனேசிபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். நான்கைந்து பற்சக்கரங்கள்தான். ஆனால் அவை செய்யும் வேலை வியப்புக்குரியது. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விட்டுக்கொண்டே, இரண்டுக்கும் எந்நேரமும் சமமான முறுக்கைக் கொடுக்கிறது.

அந்தச் சமத்துவத்தில்தான் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில், மற்றது கெட்டித் தரையில் என்று வையுங்கள். சேற்றுச் சக்கரத்தைச் சுழற்றக் கொஞ்சம் முறுக்கே போதும். மண் அதற்கு மேல் எதிர்ப்புக் காட்டாது. டிஃபரன்ஷியல் சமமாகத்தான் கொடுக்கும் என்பதால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே கொஞ்ச முறுக்குதான் கிடைக்கும். நல்ல பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்க, பிடியே இல்லாத சக்கரம் வெறி பிடித்துச் சுழலும். சேற்றில் நிற்கும் ஜீப்பில் நாம் பார்ப்பது இதைத்தான்.

முன் அச்சைச் சேர்க்கும் லிவர் இங்கேதான் கைகொடுக்கிறது. பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. லிவரைப் போட்டதும் இரண்டும் இறுக்கமாகக் கோக்கப்படும். பின் அச்சு வழுக்கினாலும் முன் அச்சு இழுக்கும். ஆனால் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் ஒரே நேரத்தில் பிடி இழந்தால் நான்கு சக்கர இழுவை வண்டியும் நின்றுவிடும். அந்நேரத்தில் கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி மெல்ல ஆக்சிலேட்டர் கொடுப்பது பழைய ஓட்டுநர்களின் கைப்பழக்கம். பிரேக் சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பைச் சேர்க்கிறது. சமமாகக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்த எதிர்ப்பின் அளவை மறுபக்கச் சக்கரத்துக்கும் அனுப்புகிறது. இன்றைய வண்டிகளில் கணினி செய்கிற வேலை அதுதான். டிஃபரன்ஷியலையே பூட்டிவிடும் லாக்கர் இன்னும் ஒரு படி மேல்.

அதே இறுக்கம் தார்ச்சாலையில் பகையாகிறது. மேலே போட்ட வட்டத்தில் முன் அச்சு சராசரியாக 30 மீட்டர் போகும்போது பின் அச்சு 27 மீட்டர்தான் போகிறது. மண்ணில் டயர்கள் லேசாக வழுக்கி அந்த 3 மீட்டரைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலை வழுக்க விடாது. தண்டுகளில் முறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஸ்டியரிங் கனத்து, கடைசியில் எங்காவது ஒரு பற்சக்கரம் உடையும். ஆகவே தண்டராம்பட்டுச் சாலையில் இரண்டு சக்கர இழுவையில் வந்து, மண் பாதையில் இறங்கிய பிறகுதான் லிவரில் கை வைக்க வேண்டும்.

ஒரு காகிதத்தின் மேல் ஒரு ஜீப்

இதுவரை பார்த்ததெல்லாம் இரும்பு. இனி டயரும் மண்ணும் தொடும் இடம். அந்த இடம் எவ்வளவு பெரியது தெரியுமா?

ஆட்களும் சாமானும் சேர்ந்து ஜீப் 1,600 கிலோ என்று கொள்வோம். சக்கரத்துக்கு 400 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ அழுத்தம். டயரின் சுவர்கள் தாங்கும் சிறு பங்கை விட்டுவிட்டால், சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான். ஆகவே 400-ஐ 2.1-ஆல் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு வந்துவிடும்: சுமார் 190 சதுர சென்டிமீட்டர். நான்கு டயருக்கும் சேர்த்து 760. ஓர் ஏ4 காகிதத்தின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தின் மேல்தான் முழு ஜீப்பும், அதில் உட்கார்ந்திருக்கும் குடும்பமும் நிற்கிறது.

காற்றைப் பாதியாக, 15 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு இருமடங்காகும்: 1,520 சதுர சென்டிமீட்டர். டயர் சப்பையாகி முன்னும் பின்னும் நீளும்.

இப்போது மண். பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் 18-ஆம் நூற்றாண்டிலேயே மண்ணின் வலுவை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று ஒட்டுவலு, துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வருவது. மற்றது உராய்வு, மேலிருந்து அழுத்தினால் கூடுவது. உலர்ந்த மணலில் இருப்பதெல்லாம் உராய்வு. அங்கே பாரம் கூடினால் பிடியும் கூடும். ஏரிப்படுகையின் ஈரக் களிமண்ணில் கதை வேறு. சட்டென்று வந்து அழுத்தும் சக்கரத்துக்கு அதன் ஒட்டுவலு மட்டும்தான் கிடைக்கும். பாரம் ஏற்றிப் பயனில்லை; பரப்பு கூடினால்தான் பிடி கூடும். பின்பக்கம் இரண்டு பேரை ஏற்றிக் குதிக்கச் சொல்லும் வழக்கம் களிமண்ணில் எடுபடாததன் காரணம் இதுவே.

உதாரணத்துக்கு ஒட்டுவலு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ உள்ள மென்களிமண்ணை எடுத்துக்கொள்வோம். அது எவ்வளவு சுமையை அமிழாமல் தாங்கும்? 1920-இல் ஜெர்மானிய இயற்பியலர் லுட்விக் பிராண்டில், உலோகத்தைக் கடினமான பொருளால் அழுத்தினால் என்ன ஆகும் என்று ஆராயும்போது ஒரு விடை கண்டார். நீண்ட பட்டையாக அழுத்தும் சுமையை, பொருள் தன் ஒட்டுவலுவைப் போல 2 + பை மடங்கு, அதாவது 5.14 மடங்கு வரை தாங்கும். அமுங்கும் மண் வளைந்து வட்டமாகப் பக்கவாட்டில் பிதுங்கி மேலே வருவதால்தான் கணக்கில் பை நுழைகிறது. வட்டத்தின் கணக்கு ஏரிச் சேற்றில் டயர் பதியும் தடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது என்பது எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்க்க வைக்கும் விஷயம். டயர் போன்ற குட்டையான பரப்புக்கு அது 6 மடங்கை நெருங்கும். நம் களிமண்ணுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 கிலோ.

30 பவுண்டு டயரின் அழுத்தம் 2.1 கிலோ. அமிழும். 15 பவுண்டு டயரின் அழுத்தம் 1.05 கிலோ. மேலே நிற்கும்.

இழுவையையும் பார்த்துவிடலாம். மென்மண்ணில் உருளவே வண்டி எடையில் பத்தில் ஒரு பங்கு, 160 கிலோ விசை வேண்டும் என்று கொள்வோம். காற்று இறக்கி, பின்சக்கரங்களால் மட்டும் இழுத்தால் மண் தருவது 152 கிலோ. போதாது. காற்று இறக்காமல் நான்கு சக்கரங்களாலும் இழுத்தாலும் அதே 152. போதாது. காற்றையும் இறக்கி, நான்கையும் சேர்த்தால் 304 கிலோ. வண்டி ஏறிவிடும். எஞ்சின் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வால்வைத் திறந்து காற்றை விடுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அது பல ஆயிரம் ரூபாய் உதிரிபாகத்துக்குச் சமமான வேலையைச் செய்கிறது. திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்பிக்கொள்ள ஒரு சிறு கம்ப்ரஸர் மட்டும் கையில் இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

நீர் செய்யும் வேலை

அதே ஏரிப்படுகை மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும், லாரியே போகும். ஒரு மழைக்குப் பின் மாடு நடந்தாலும் கால் புதையும். மண் மாறவில்லை, தண்ணீர் மாறிவிட்டது. களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது, தகடு போன்றது. துகள்களுக்கிடையே உள்ள இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால், மேலிருந்து வரும் சுமையைத் துகள்களுக்குப் பதிலாக நீர் தாங்கத் தொடங்கும். நீருக்கு உராய்வு வலு இல்லை. மண்ணின் வலுவைத் தீர்மானிப்பது மொத்தச் சுமையல்ல, அதிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்த மிச்சம்தான் என்பதைக் கார்ல் டெர்சாகி தெளிவுபடுத்தினார். 1925-இல் அவர் எழுதிய நூலோடு மண் இயந்திரவியல் என்ற துறையே பிறந்தது.

இந்த விதியின் கொடிய முகத்தைத் திருவண்ணாமலை கண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. பெருமழை சரிவில் இறங்கும்போது மண்ணின் இடுக்குகளில் நீரழுத்தம் ஏறி, துகள்களின் பிடி தளர்கிறது. ஏரிக்கரையில் ஒரு டயர் அமிழ்வதும், ஒரு மலைச்சரிவு தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் இறங்குவதும் ஒரே அறிவியலின் இரண்டு அளவுகள். மண்ணைப் படிப்பது பொழுதுபோக்குக்கு மட்டும் உரிய விஷயமல்ல என்பதை அந்த நாளுக்குப் பிறகு இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணைப் படிக்க ஆய்வுக்கூடமும் வேண்டாம். சுவீடன் வேதியியலர் ஆல்பெர்ட் ஆட்டர்பர்க் நூற்றாண்டுக்கு முன் வகுத்த சோதனை ஒன்றைப் பொறியாளர்கள் இன்றும் செய்கிறார்கள், நீங்களும் செய்யலாம். மேல்பொருக்கை விலக்கி, அரை முழம் ஆழத்திலிருந்து ஒரு பிடி களிமண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்துத் திரி போல உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் கனம் வருவதற்கு முன்பே திரி வெடித்து உதிர்ந்தால் மண் ஓரளவு காய்ந்திருக்கிறது. உதிராமல் நூலாக நீண்டுகொண்டே போனால் அது குழைவு நிலையில் இருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆழத்திலிருந்து எடுப்பது மிக முக்கியம். வெயிலில் காய்ந்த பொருக்கு மேலே பாறை போலத் தெரியும். அதனடியில் ஈரக் குழைவு காத்திருக்கும். ஏரியில் சிக்குகிற வண்டிகள் பல அந்தப் பொருக்கை நம்பி இறங்கியவை.

எதை மாற்றுவது, எதை விடுவது

பழைய ஜீப்பை மாற்றிக் கட்டுவதற்கென்றே பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானாவின் மண்டி டப்வாலி பேர்பெற்றது. அங்கிருந்து வந்தவையும் நம்மூர்ப் பட்டறைகளில் பிறந்தவையும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. ஆசை இருக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதியும் பதிவும் வேண்டும்.

மேலே போட்ட கணக்கு நமக்கு நல்ல வழிகாட்டி. பெரிய எஞ்சின் போட்டால் மண்ணின் வலு கூடாது. வண்டியைத் தூக்கிக் கட்டினால் பள்ளத்தில் அடிவயிறு தட்டாது. ஆனால் எடைமையம் உயர்ந்து, சரிவில் கவிழும் அபாயம் கூடும். பழைய வண்டிக்கு முதல் செலவு பிரேக், ஸ்டியரிங் ஜாயிண்ட், சக்கர பேரிங் ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டும். அடுத்தது நல்ல டயரும், காற்று அளக்கும் கேஜும். இழுத்துக் கட்ட வலுவான பட்டையும் ஒரு மண்வெட்டியும் பின்னால் கிடக்கட்டும். இவ்வளவு இருந்தால் 1940-இல் வரைந்த அந்த இரும்புக்கூடு இன்றைக்கும் மலைக்க வைக்கும்.

ஏரிக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஏரிக்கரை என்பது மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, கெட்டித்து எழுப்பியது. மழைக்காலத்தில் ஈரமேறி நிற்கும் அந்தக் கரையில் சக்கரத் தடம் பதிந்தால், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்காலாகும், வாய்க்கால் அரிப்பாகும். கரைக்குச் சேதம் வந்தால் அடியில் இருக்கும் வயல்கள் அத்தனைக்கும் சேதம். படுகையின் களிமண்ணும் வீணே கிடப்பதல்ல. தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடாமல் தாங்கி நிற்பது அதுதான். மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய் இவற்றின் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. அணையோரத்தில் சேற்று முதலைகள் உண்டு என்பதால் அங்கே நீருக்குள் இறங்குவதும் கூடாது.

சக்கரத்தைத் தள்ளித் தந்தது மண்தான் என்று புரிந்துகொண்டவருக்கு இவையெல்லாம் யாரும் போட்ட கட்டுப்பாடாகத் தோன்றாது. நான்கு சக்கர இழுவை என்பது மண்ணை வெல்லும் கருவியல்ல. மண் தரக்கூடிய அளவை அறிந்து, அதை நான்கு இடங்களில் பிரித்து, கலைக்காமல் கேட்டு வாங்கும் ஏற்பாடு. அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு, முதலில் கீழே இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துத் திரியாக உருட்டிப் பாருங்கள். எங்கே போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அது சொல்லும். பிள்ளைகள் உடன் வந்தால் அவர்கள் கையிலும் கொஞ்சம் மண்ணைக் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். கூலோமும் பிராண்டிலும் டெர்சாகியும் அவர்களுக்கு அங்கேயே அறிமுகமாகிவிடுவார்கள்.